இணையவழி அரசுச் சேவைகளை வடிவமைப்பதில் மக்களுக்கு என்ன இடம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊராட்சி உறுப்பினர்கள், மகளிர் சுயஉதவிக் குழுவினர், இ-சேவை மையம் நடத்துவோர், வருவாய்த் துறைப் பணியாளர்கள் ஆகியோருக்கான பயிற்சி வகுப்புகளில் சில ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் தேநீர் இடைவேளையில் ஏறக்குறைய இதே ஐயங்கள்தாம் எழுகின்றன. கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை மாற்றாமல், எளியவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னுமாக வைத்து, இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லாமே ஆன்லைனில் வந்துவிட்டது. இதில் பொதுமக்களிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

படிவத்தில் உள்ள ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். ஒரு சேவைக்கான விண்ணப்பத்தில் "குடும்பப் பெயர்" என்ற கட்டத்தை நிரப்பியே ஆகவேண்டும் என்று வைத்திருந்தார்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்வதோடு சரி. நான் உட்கார்ந்திருந்த மையத்திற்கு ஒரு மாணவி வந்திருந்தார். மையம் நடத்துபவர் அந்தக் கட்டத்தில் இனிஷியலைத் தட்டினார். ஓரெழுத்தை ஏற்க முடியாது என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. ஒரு புள்ளியை வைத்துப் பார்த்தார், அதையும் ஏற்கவில்லை. கடைசியில் தந்தையின் முழுப் பெயரை அடித்ததும் படிவம் அடுத்த பக்கத்திற்குப் போனது. மூன்று வாரம் கழித்து, ஆதாரில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்ற காரணத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதற்குள் கல்லூரிச் சேர்க்கைக்கான கடைசி நாள் கடந்துவிட்டது.

படிவத்தை உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எந்த மையத்திலாவது பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். என்னென்ன ஆவணம் கேட்பது, எந்த மொழியில் கேட்பது, நிராகரித்தால் காரணத்தை எப்படிச் சொல்வது, கைப்பேசி இல்லாதவருக்கு என்ன வழி என்பவை எல்லாம் யாரோ எங்கோ எடுக்கும் முடிவுகள். அந்த முடிவுகளைப் பற்றித்தான் மக்களிடம் கேட்க வேண்டும் என்கிறோம். இதையே மக்கள் பங்கேற்பு என்று சொல்கிறோம்.

மனு கொடுப்பதும் இதுவும் ஒன்றுதானே? திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்களே?

இரண்டுமே தேவை, ஆனால் இரண்டும் வேறு. திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள், வருவாய்க் கணக்குகளைச் சரிபார்க்க ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தி, 1100 என்ற தொலைபேசி எண், 2021இல் பல மனுப் பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்து அமைக்கப்பட்ட "முதல்வரின் முகவரி" துறை, 2025இல் நடத்தப்பட்ட "உங்களுடன் ஸ்டாலின்" முகாம்கள் ஆகிய எல்லாமே, ஏற்கெனவே இருக்கும் விதிப்படி எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை என்று முறையிடுவதற்கான இடங்கள்.

பங்கேற்பு என்பது அந்த விதியே சரியா என்று பேசுவது. மேலே சொன்ன மாணவி மனு கொடுத்திருந்தால் அவருடைய விண்ணப்பம் சரியாகியிருக்கக்கூடும். அடுத்த நாள் அதே கட்டத்தின் முன் இன்னொரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். மனுக்களை எண்ணிப் பார்த்து, ஒரே காரணத்தால் இத்தனை பேர் வந்திருக்கிறார்களே என்று படிவத்தைத் திருத்தினால், அப்போது மனுவும் பங்கேற்பின் ஒரு பகுதியாகிவிடும். மனுக்களை அப்படிப் பயன்படுத்தும் அலுவலர்களைப் பார்த்திருக்கிறேன். மேலே இருந்து யாரும் கேட்காமலேயே அதைச் செய்கிறார்கள்.

யாரைக் கேட்க வேண்டும்? பொதுமக்கள் என்றால் எல்லோருமா?

விண்ணப்பிப்பவரை மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். ஒரு வருமானச் சான்றை எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிப்பவர், படிவத்தை நிரப்பும் இ-சேவை மையத்தார், விசாரிக்கும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், ஒப்புதல் தரும் வட்டாட்சியர் அலுவலகம், சான்றைக் கேட்கும் பள்ளி அல்லது வங்கி என்று அதற்குள் பல கைகள் இருக்கின்றன. இவர்கள் அனைவரையும் "தொடர்புடையோர்" என்று சொல்கிறோம். "பங்குதாரர்" என்றும் சிலர் எழுதுகிறார்கள். கடைக் கூட்டாளி என்ற பொருள் அதில் கலந்துவிடுவதால் நான் தவிர்க்கிறேன்.

இவர்களுள் அதிகம் தெரிந்தவரும் யாராலும் கேட்கப்படாதவரும் மையம் நடத்துபவர்தான். எனக்குத் தெரிந்த ஒரு பெண் தம் மேசை மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். பெயர், ஊர் ஆகியவற்றோடு "பேரன் – இரவு எட்டுக்கு மேல்", "மருமகள் – ஞாயிறு மட்டும்" என்று அதில் குறிப்புகள் இருக்கும். பாட்டியின் ஆவணங்களோடு இணைக்கப்பட்ட கைப்பேசி எண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பேரனுடையது. ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும், சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும், வேலை நேரத்தில் அவர் கையில் போன் இருக்காது. ஆகவே பேரனின் ஷிஃப்ட் முடியும் நேரம் பார்த்துப் பாட்டியை வரச் சொல்கிறார். அந்த நோட்டு, கிராமத்தில் ஓ.டி.பி. எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றிய ஓர் ஆய்வறிக்கைக்குச் சமம். அதை வாங்கிப் படித்தவர் இன்றுவரை யாருமில்லை.

இன்னொரு கூட்டமும் உண்டு: மையத்திற்கே வராதவர்கள். அவர்கள் ஏன் வரவில்லை என்பதை வந்தவர்களிடம் கேட்டு அறிய முடியாது.

படிக்காதவர்கள், செல்போன் இல்லாதவர்கள் டிஜிட்டல் சேவையைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறார்கள்?

நியாயவிலைக் கடையில் விரல் ரேகை பதியாமல் திரும்பிய செங்கல் சூளைத் தொழிலாளியிடம் கேட்டுப் பாருங்கள். எந்த விரல் எந்த மாதத்தில் பதியும், கையைக் கழுவித் துடைத்தால் எவ்வளவு வித்தியாசம், கடைக்காரர் எத்தனை முறை முயன்றபின் "நாளைக்கு வாங்க" என்பார் என்று வரிசையாகச் சொல்வார். அந்த இயந்திரத்தைப் பற்றி அவரைவிட அதிகம் அறிந்தவர் தலைமைச் செயலகத்தில் இருக்க வாய்ப்பில்லை. இத்தகைய அனுபவங்கள் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் கருவிழிப் பதிவு, குடும்பத்திற்கு வெளியே ஒருவரை நியமித்துப் பொருள் வாங்கும் வசதி போன்றவை வந்தன. 2025 ஆகஸ்டில் "தாயுமானவர்" திட்டத்தின்கீழ் 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிற்கே பொருள் கொண்டுசெல்வது தொடங்கியது.

கேட்கும் முறைதான் மாற வேண்டும். "இந்த இணையதளம் உங்களுக்குத் திருப்தியாக உள்ளதா?" என்று கேட்டால் "நல்லா இருக்குங்க" என்ற பதிலோடு எழுந்துவிடுவார்கள். படிவத்தைத் தாளில் அச்சிட்டு அவர் முன் வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, எங்கே தயங்குகிறார், எங்கே மகனைத் திரும்பிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். தயங்கும் இடத்தில்தான் படிவம் பிழைபட்டிருக்கிறது.

கிராம சபையில் இதைப் பேசலாமா? அங்கே ரோடு, தண்ணீர், விளக்குதானே பேசுவார்கள்?

தாராளமாகப் பேசலாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊராட்சியில் எந்த இணையச் சேவையால் மக்கள் அலைகிறார்கள் என்பது ஊரின் பொதுப் பிரச்சினைதான்.

தீர்மானத்தின் வாசகத்தில் கவனம் வேண்டும். "ஆன்லைன் சேவைகளை மேம்படுத்த வேண்டும்" என்ற தீர்மானம் எங்கும் போய்ச் சேராது. "இன்ன சேவையின் விண்ணப்பத்தில் இன்ன கட்டம் இன்ன காரணத்தால் எங்கள் ஊரில் இத்தனை பேருக்குத் தடையாக உள்ளது, அதை இவ்வாறு மாற்றக் கோருகிறோம்" என்று எழுதி, பாதிக்கப்பட்டவர்களின் விண்ணப்ப எண்களைப் பின்னிணைப்பாகச் சேருங்கள். மாநில அளவிலான ஓர் இணையதளத்தை மாற்றும் அதிகாரம் கிராம சபைக்கு இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அத்தீர்மானம் ஒரு பதிவு. பின்னர் அதன்மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்க அது பிடிமானம் தரும்.

நாங்கள் டவுனில் இருக்கிறோம். எங்களுக்குக் கிராம சபை கிடையாதே?

நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுவும் அதன்கீழ்ப் பகுதி சபையும் உண்டு. பல ஊர்களில் அவை கூடும் நாள் மக்களுக்குத் தெரிவதில்லை. உங்கள் மாமன்ற அல்லது நகர்மன்ற உறுப்பினரிடம் அடுத்த கூட்டத்தின் நாளை எழுத்தில் கேளுங்கள். மற்றபடி முந்தைய பதிலில் சொன்னது இங்கும் பொருந்தும்.

சட்ட வரைவு மேல் கருத்துக் கேட்கிறோம் என்கிறார்களே, அதெல்லாம் எங்கே வருகிறது? நமக்கு யார் சொல்கிறார்கள்?

ஒன்றிய அரசு 2014இல் ஏற்றுக்கொண்ட சட்டத்திற்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கையின்படி, ஒரு சட்ட முன்வரைவை அந்தந்த அமைச்சகம் குறைந்தது 30 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அமைச்சகங்களின் இணையதளங்களிலும், மக்கள் கருத்தைப் பெறுவதற்காக அதே ஆண்டு ஒன்றிய அரசு தொடங்கிய மைகவ் தளத்திலும் இவை வெளியாகும். நேரில் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். நாம்தான் தேட வேண்டியிருக்கிறது. இந்தக் கொள்கை எல்லா நேரமும் பின்பற்றப்படுவதும் இல்லை.

ஒரு குறிப்பிட்ட சிக்கலை மறக்க வேண்டாம். புதிய செயலியோ இணையதளமோ சட்டம் ஆகாது. ஆகவே 30 நாள் அறிவிப்பு எதுவும் இல்லாமல் ஒரு திங்கட்கிழமை காலையில் அது நடைமுறைக்கு வந்துவிடும். மக்கள் வாழ்க்கையைச் சட்டத்தைவிட அதிகம் தொடுவது பெரும்பாலும் அந்தச் செயலிதான். இங்கே நமக்கு உதவுவது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பொதுமக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது அதற்குரிய விவரங்கள் அனைத்தையும் வெளியிட வேண்டும் என்று அதன் 4(1)(சி) பிரிவு சொல்கிறது. யாரும் மனுப் போடாமலேயே அரசு செய்ய வேண்டிய கடமை இது.

வரைவு இங்கிலீஷில் இருக்கிறது. நாங்கள் தமிழில் எழுதி அனுப்பினால் ஏற்பார்களா?

அனுப்பலாம். தம் குறையைத் தீர்க்கும்படி ஒன்றியத்தின் அல்லது மாநிலத்தின் எந்த அதிகாரிக்கும், அங்கு வழங்கும் எந்த மொழியிலும் முறையிட ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று அரசமைப்பின் 350ஆவது பிரிவு கூறுகிறது. தகவல் உரிமை விண்ணப்பத்தையும் தமிழிலேயே எழுதலாம். அச்சட்டத்தின் 6(1) பிரிவு அதற்கு வழிசெய்கிறது.

வரைவைத் தமிழில் தரச் சொல்வது இதைவிட முக்கியம். 2020ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிடப்பட்டபோது, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்த்து வெளியிடுமாறு டெல்லி உயர்நீதிமன்றம் 2020 ஜூன் 30 அன்று உத்தரவிட்டு, கருத்துக் கூறும் காலத்தையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. அந்த உத்தரவை எதிர்த்து ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றம் வரை சென்றது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். மொழிபெயர்ப்பைப் பெறுவது மக்களின் உரிமை என்ற எண்ணம் இன்னும் வேரூன்றவில்லை.

தமிழில் வெளியிட்டாலும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பி.டி.எஃப். ஆக ஏற்றிவிட்டால், தேடினால் கிடைக்காது. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைப் படிக்கும்போது வெறும் குறியீடுகளாக ஒலிக்கும். எல்லாக் கணினிகளிலும் ஒரேபோல் படிக்கத்தக்க எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. ஆகவே யூனிகோடில் தாருங்கள் என்று கேட்பது புதிய கோரிக்கை ஆகாது.

கருத்துச் சொன்னோம். அதை எடுத்துக்கொண்டார்களா இல்லையா என்று எப்படித் தெரியும்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. மிக நியாயமான கேள்வியும் இதுதான். ஒருமுறை அழைத்துப் பேசச் சொல்லிவிட்டு, பிறகு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டால், அடுத்த முறை அந்த ஊரில் யாரும் வர மாட்டார்கள். "போன தடவை சொன்னதுக்கே பதில் இல்லை" என்ற ஒரு சொல் ஒரு தலைமுறைக்குப் போதும்.

நடைமுறை பல நேரம் இதற்கு எதிராகவே இருக்கிறது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவு 2025 ஜனவரி 3 அன்று வெளியிடப்பட்டு மைகவ் வழியாகக் கருத்துகள் பெறப்பட்டபோது, வந்த கருத்துகள் நம்பிக்கையின்பேரில் வைத்துக்கொள்ளப்படும், எந்த நிலையிலும் யாருக்கும் வெளியிடப்படமாட்டா என்று அறிவிக்கப்பட்டது. தயக்கமின்றிப் பேசுவதற்காக என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். தனிநபர் பெயரை மறைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் என்னென்ன கருத்து வந்தது, எது ஏற்கப்பட்டது, எது ஏன் ஏற்கப்படவில்லை என்பதுவரை மூடிவிட்டால், கேட்டதற்கும் கேட்காததற்கும் வேறுபாடு தெரியாது.

நீங்கள் கேட்க வேண்டியது மூன்று பத்தி கொண்ட ஓர் அட்டவணை: சொல்லப்பட்டது, எடுத்த முடிவு, அதற்கான காரணம். கூட்டம் முடிந்த ஒரு மாதத்திற்குள் அது வராவிட்டால், 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை விண்ணப்பம் போடுங்கள். 30 நாட்களில் பதில் தர வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நிர்வாக முடிவின் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்ற, அச்சட்டத்தின் 4(1)(டி) பிரிவையும் அதில் சுட்டுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு என்று தனியாக ஏதும் விதி இருக்கிறதா?

இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மின்னணு ஊடகங்களும் சேவைகளும் அவர்கள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. அமில வீச்சுக்கு ஆளாகி முகமும் கண்களும் சிதைந்த ஒருவரிடம், வங்கியின் இணையவழி அடையாளச் சரிபார்ப்பு, உயிரோடு இருக்கும் ஆள்தான் என்று காட்டுவதற்குக் கண்ணைச் சிமிட்டச் சொன்னது. அவரால் சிமிட்ட இயலவில்லை. அவர் தொடுத்த வழக்கையும் பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கையும் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றம், 2025 ஏப்ரல் 30 அன்று, எண்ணிம (டிஜிட்டல்) சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி 20 நெறிமுறைகளை வகுத்தது.

கண் சிமிட்டச் சொல்லும் அந்தத் திரையை உருவாக்கிய அறையில் பாதிக்கப்பட்டோர் ஒருவர் இருந்திருந்தால் போதும், உச்ச நீதிமன்றம் வரை போயிருக்க வேண்டியதில்லை. வெளியிடும் முன்பு அவர்களைக் கொண்டு சோதித்துப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

நான் அலுவலகத்தில் இருப்பவன். கூட்டம் போட்டால் பத்துப் பேர்தான் வருகிறார்கள், அதுவும் எப்போதும் வரும் அதே ஆட்கள். நாங்கள் என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம் வைத்தால், அன்றாடக் கூலிக்குப் போகிறவர் எப்படி வருவார்? ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பேருந்துக்குக் கொடுத்து வந்து, மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வராதீர்கள். சுயஉதவிக் குழுவின் வாராந்திரக் கூட்டம், பால் சங்கத்தில் காலை வரிசை, நியாயவிலைக் கடை வாசல், நூறு நாள் வேலை நடக்கும் இடம் என்று அவர்கள் ஏற்கெனவே கூடும் இடங்களுக்கு நீங்கள் போங்கள். கேள்விகளை மூன்றுக்கு மேல் எடுத்துப் போகாதீர்கள்.

அதே ஆட்கள் வருவதையும் குறையாக எண்ண வேண்டியதில்லை. அவர்களைப் பிறரிடம் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளாக்கிக்கொள்ளலாம். வந்த பத்துப் பேருக்கும் மேலே சொன்ன மூன்று பத்தி அட்டவணை போய்ச் சேர்ந்தால், அடுத்த கூட்டத்திற்கு முப்பது பேர் வருவார்கள். ஓர் ஒன்றியத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இப்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருந்தால் வேலை எப்போது நடக்கும்?

கேட்காமல் செய்ததால் ஆன தாமதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல், பணித்தளப் பொறுப்பாளர் நாளொன்றுக்கு இரண்டு முறை தொழிலாளர்களைப் படமெடுத்துச் செயலியில் ஏற்றினால்தான் வருகைப்பதிவு என்று கட்டாயமாக்கினார்கள். போலி வருகையைத் தடுப்பது நல்ல நோக்கம்தான். சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் என்ன செய்வது, தமக்கு அளந்துவிட்ட வேலையைக் காலையிலேயே முடித்துவிட்ட பெண் பிற்பகல் படத்திற்காக வெயிலில் காத்திருக்க வேண்டுமா, சர்வர் படுத்துவிட்டால் அன்றைய கூலி யாருடையது என்று வேலை செய்பவர்களிடம் முன்பே கேட்டிருந்தால் இந்தச் சிக்கல்கள் தெரிந்திருக்கும்.

உண்மையாக உழைத்தவர்கள் கூலி இழந்தார்கள்; ஏமாற்ற நினைத்தவர்களோ வழி கண்டுபிடித்தார்கள். தொடர்பே இல்லாத படங்களும், ஒரு படத்தைப் பார்த்து எடுத்த இன்னொரு படமும் ஏற்றப்படுவதாக ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே 2025 ஜூலையில் சுற்றறிக்கை அனுப்பி, படங்களை மனிதர்கள் சரிபார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டிவந்தது. தொடக்கத்தில் இரண்டு மாதம் கேட்பதற்குச் செலவிட்டிருக்கலாம்.

எங்கேயாவது நல்லபடியாக நடந்திருக்கிறதா? ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

ராஜஸ்தானைச் சொல்வேன். அங்கே 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர் அமைப்பு, பஞ்சாயத்துக் கணக்குகளை ஊர் நடுவே உரக்க வாசித்து, "இந்தக் கூலியை வாங்கினாயா?" என்று பெயர் பெயராகக் கேட்கும் மக்கள் விசாரணைகளை 1994 முதல் நடத்தியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு விதை அங்கேதான் விழுந்தது.

அந்த மாநில அரசு 2019 செப்டம்பர் 13 அன்று ஜன் சூச்னா என்ற தகவல் தளத்தைத் தொடங்கியது. யாரும் மனுப் போடாமலேயே, ஊராட்சி வாரியாக எந்தத் திட்டத்தில் யாருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதை அதில் பார்க்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1) பிரிவு சொல்லும் கடமையை ஓர் அரசு பெரிய அளவில் கையிலெடுத்த முயற்சி அது. தளத்தைவிட அது உருவான விதம்தான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. தகவல் தொழில்நுட்பத் துறை அதிகாரிகளும் மேற்சொன்ன அமைப்பு உள்ளிட்ட மக்கள் அமைப்பினரும் "டிஜிட்டல் உரையாடல்" என்ற பெயரில் மீண்டும் மீண்டும் ஒரே மேசையில் கூடி, எந்தத் தகவல் வேண்டும், எந்த வடிவில் வேண்டும், கிராமத்தவர் எப்படித் தேடுவார் என்று பேசினார்கள். ரேஷன் பட்டியல் என்றால் எண்ணிக்கை போதாது, அந்த வார்டின் பட்டியல் வேண்டும் என்பது போன்ற தேவைகளை ஊரில் அலைந்தவர்களால்தான் சொல்ல முடியும்.

ஊர் முழுக்கப் பெயர்ப் பட்டியலை இணையத்தில் போட்டால் அந்தரங்கம் என்ன ஆகும்?

கடினமான கேள்வி, உண்மையான கேள்வியும்கூட. யார் ரேஷன் வாங்கினார் என்பது தெரிந்தால்தான் மோசடியைப் பிடிக்க முடியும். அதே பட்டியலில் ஆதார் எண்ணும், வங்கிக் கணக்கும், நோயின் பெயரும் இருந்தால் அந்த மனிதருக்குத் தீங்கு. ஆகவே எதை வெளியிடுவது என்பதைப் பட்டியலில் இடம்பெறுகிறவர்களையே கேட்டு முடிவு செய்ய வேண்டும். பெயர், தொகை, நாள் ஆகியவற்றை வெளியிடலாம் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வதையும், கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவி போன்றவற்றில் பெயர் வேண்டாம் என்று சொல்வதையும் கேட்டிருக்கிறேன்.

சட்ட நிலையும் மாறியிருக்கிறது. தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023இன் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தித் தனிப்பட்ட தகவலுக்கான விலக்கை விரிவாக்கியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. பொதுநலன் மிகுந்திருந்தால் தகவலைத் தரலாம் என்ற 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட்டு, பொதுநலன் என்ன என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள்.

மறுபக்கத்தையும் நாம் கேட்க வேண்டும். எஸ்டோனியாவில் தம்முடைய தரவை எந்த அரசுத் துறை எப்போது பார்த்தது என்பதை ஒரு குடிமகன் இணையத்தில் தானே பார்க்க முடியும். நம்மைப் பற்றி அரசு அறிவது கூடக்கூட, அரசு நம் தரவை என்ன செய்கிறது என்று நாம் அறியும் வழியும் கூட வேண்டும்.

ஒரே மாதிரிக் கருத்தை ஆயிரம் பேர் அனுப்பினால் அதுதான் ஜெயிக்குமா?

இது வாக்கெடுப்பு கிடையாது. ஆயிரம் பேர் அனுப்பியது, அக்கறை எவ்வளவு பரவலானது என்பதைக் காட்டும். ஒரே ஒரு பார்வையற்றவர் அனுப்பிய காரணம் சரியானதாக இருந்தால், அதுவும் ஏற்கப்பட வேண்டும். எண்ணிக்கை குறைந்தவர்களைக் காப்பதற்கும்தானே கலந்தாய்வு?

தைவானில் ஊபர் வாடகைக் கார்களுக்கான விதிகளைப் பற்றி 2015இல் இணையவழிக் கலந்தாய்வு நடத்தியபோது போலிஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள் (காவல்துறைக்கும் அதற்கும் தொடர்பில்லை). ஒவ்வொருவரும் பிறர் எழுதிய கருத்தை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அதற்குப் பதில் எழுதிச் சண்டையிட வழியில்லை. எதிரெதிர் அணிகளில் இருப்பவர்களும் ஒப்புக்கொள்ளும் கருத்துகள் மேலெழுந்து வந்தன. விதிகள் குறித்த பேச்சு அவற்றிலிருந்து தொடங்கியது. நம் கூட்டங்களில் கரும்பலகையில்கூட இதைச் செய்து பார்க்கலாம்.

இ-சேவை மையத்தில் கூடுதல் காசு கேட்கிறார்கள். அவர்களையும் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கச் சொல்கிறீர்களே?

ஆம், அப்போதும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர்களைத் தனியாகவும் மக்களைத் தனியாகவும் கேட்டுவிட்டு, பிறகு சேர்த்து உட்கார வைக்க வேண்டும். வருவாய்த் துறைச் சான்றுகளுக்கு 60 ரூபாய் என்பதுபோல ஒவ்வொரு சேவைக்கும் கட்டணம் குறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் வாங்குவது தவறு, அதற்குரிய புகாரைக் கொடுங்கள், ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதே வேளையில், ஒரே விண்ணப்பத்தை மூன்று முறை ஏற்ற வேண்டியிருந்தால் அந்த உழைப்புக்கு யார் கொடுப்பார் என்று அவர் கேட்பதிலும் பொருள் உண்டு. தவறு செய்பவரின் வாயிலிருந்தும் இணையதளத்தின் குறை வெளிவரும். கிராம நிர்வாக அலுவலருக்கும் இதே முறைதான். உயரதிகாரி எதிரில் அவர் பேசமாட்டார்.

நான் தனி ஆள். எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு சேவையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு அண்மையில் விண்ணப்பித்த பத்துப் பேரைப் பாருங்கள். அவர்களுள் நிராகரிக்கப்பட்டவர் மூவராவது இருக்கட்டும். ஒவ்வொருவரிடமும் எத்தனை முறை போனீர்கள், எங்கே நின்றது, யார் உதவினார், கையிலிருந்து எவ்வளவு செலவானது என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். பெயரைப் போடுவதற்கு அவர்களுடைய ஒப்புதலைப் பெறுங்கள். ஒப்புகைச் சீட்டையும் நிராகரிப்புக் குறுஞ்செய்தியையும் படமெடுத்து வையுங்கள்.

பிறகு மையம் நடத்துபவரையும் கிராம நிர்வாக அலுவலரையும் தனித்தனியே சந்தித்து அதைக் காட்டுங்கள். பாதிக்குப் பாதி அவர்களே விளக்கம் தருவார்கள். மீதியை ஒரே பக்கத்தில் சுருக்கி, மேலே சொன்ன முறையில் தீர்மானமாக எழுதி, அடுத்த கிராம சபைக்கு ஒரு வாரம் முன்பே ஊராட்சித் தலைவரிடம் கொடுங்கள். அன்று அந்தப் பத்துப் பேரில் நான்கு பேரையாவது கூட்டி வாருங்கள். படிவத்தின் அச்சுப்படி ஒன்றும் கையில் இருக்கட்டும். எந்தக் கட்டம் என்று விரல் வைத்துக் காட்டலாம்.